தோற்றவர்களின் வெற்றி

விடுதலை வாங்கித் தருவதாகச் சொல்லி வந்த ரோம், கிரேக்க நகரங்களை எரித்தது, வரி என்ற பெயரில் உறிஞ்சியது. கடைசியில் கிரேக்கர்களையே 'ரோமானியர்' ஆக்கியது. அதற்குள் ரோம் பாதி கிரேக்கமாகியிருந்தது.

கி.மு. 196. கொரிந்து நகரை ஒட்டிய இஸ்த்மியாவில் விளையாட்டுத் திருவிழா. கிரேக்க நாடெங்கிலுமிருந்து வந்த கூட்டம் போட்டி தொடங்கக் காத்திருந்தது. எக்காளம் ஒலித்தது. கட்டியக்காரன் மைதானத்தின் நடுவே வந்து நின்று ஓர் அறிவிப்பை வாசித்தான். மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பைத் தோற்கடித்த ரோமானிய செனட்டும் தளபதி ஃபிளாமினினஸும், பிலிப்பின் பிடியில் இருந்த கிரேக்க மக்களை விடுதலை செய்கிறார்கள். இனி அங்கே அன்னியப் படை இருக்காது, கப்பம் கிடையாது, அவரவர் சட்டப்படி அவரவர் வாழலாம்.

பலருக்குத் தங்கள் காதுகளையே நம்ப முடியவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்ததும் எழுந்த ஆரவாரத்தில் மேலே பறந்துகொண்டிருந்த காக்கைகள் மைதானத்தில் விழுந்தன என்று பிற்காலத்தில் புளூடார்க் எழுதினார். அன்று நடந்த போட்டிகளை யாரும் கவனிக்கவில்லை. முப்பது வயதைச் சற்றே தாண்டிய, சரளமாகக் கிரேக்கம் பேசத் தெரிந்த ஃபிளாமினினஸ், கைகுலுக்க வந்த கூட்டத்தில் நசுங்காமல் தப்பியதே பெரிய விஷயம். இரண்டு வருடங்களில் ரோமானியப் படையும் சொன்னபடியே திரும்பிப் போனது. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் வல்லரசு ஒன்றைக் கிரேக்கர்கள் கண்டுவிட்டதாகத் தோன்றியது.

சரியாக ஐம்பது வருடம் கழித்து, கி.மு. 146-ல், அதே கொரிந்துவுக்குள் இன்னொரு ரோமானியப் படை நுழைந்தது. தளபதி பெயர் மம்மியஸ். ஆண்கள் வெட்டப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அடிமைச் சந்தைக்குப் போனார்கள். நகரம் எரிந்தது. அதன்பின் ஏறக்குறைய நூறு வருடம் அந்த இடம் நகரமாக இருக்கவில்லை.

விடுதலைக்கும் நெருப்புக்கும் நடுவே இருந்த அந்த ஐம்பது வருடங்களில்தான் கிரேக்கர்கள் ஒரு பாடத்தைக் கற்றார்கள். கொடுக்கப்பட்ட சுதந்திரத்தில், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை கொடுத்தவரிடமே இருக்கிறது.

நண்பன் எஜமானன் ஆன கதை

ரோமானியர் கிரேக்கத்தை ஒரே மூச்சில் பிடிக்கவில்லை. அவர்களை உள்ளே அழைத்தவர்களில் முக்கியமானவர்கள் கிரேக்கர்களே. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, ஈட்டோலியர், அகேயக் கூட்டமைப்பு, ரோட்ஸ், பெர்கமம் என்று ஒருவரை ஒருவர் நம்பாத அரசுகள். பக்கத்து ஊர்க்காரனைவிடக் கடல் தாண்டி இருப்பவன் மேல் என்ற கணக்கு. ஒவ்வொரு தகராறும் ரோமானிய செனட்டுக்குப் போனது. பஞ்சாயத்து செய்யக் கூப்பிடப்பட்டவர், சீக்கிரமே கூப்பிடாமலும் வர ஆரம்பித்தார்.

போர்க்களத்திலும் கணக்கு மாறியிருந்தது. அலெக்சாண்டர் உலகை வென்றது நீண்ட ஈட்டிகளைச் சுவர்போல நீட்டிக்கொண்டு நெருங்கி நகரும் படையணியால். சமதளத்தில் அதை எதிர்த்து நிற்பது கடினம். ஆனால் மேடு பள்ளத்தில் வரிசை குலைந்தால் அதன் கதை முடிந்தது. சிறு சிறு பிரிவுகளாக நகர்ந்து, கிடைத்த இடைவெளியில் குத்துவாளோடு நுழையும் ரோமானிய வீரனுக்கு அதுதான் தேவை. கி.மு. 197-ல் சைனோசெஃபாலே குன்றுகளில் பிலிப் தோற்றார். கி.மு. 168-ல் பிட்னாவில் அவர் மகன் பெர்சியஸ் தோற்றார். அலெக்சாண்டரின் நாடு நான்கு குடியரசுகளாகத் துண்டாடப்பட்டது.

பிட்னாவுக்குப் பிறகு ரோம் நட்பு வேஷத்தைக் கலைத்தது. அதே கி.மு. 168-ல், எகிப்தைப் பிடிக்கும் தறுவாயில் இருந்த சிரிய மன்னர் நான்காம் ஆன்டியோகஸை அலெக்சாண்ட்ரியா அருகே ரோமானியத் தூதர் ஒருவர் சந்தித்தார். படையைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்லும் செனட்டின் உத்தரவு அவர் கையில் இருந்தது. யோசிக்க வேண்டும் என்றார் மன்னர். தூதர் கைத்தடியால் மன்னரைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் போட்டு, வெளியே வரும் முன் பதில் வேண்டும் என்றார். மன்னர் பணிந்தார்.

மேற்கே எபிரஸ் பகுதியில் நடந்தது இன்னும் கொடுமை. கி.மு. 167-ல் 70 ஊர்கள் ஒரே சமயத்தில் சூறையாடப்பட்டன. 1,50,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்பது பண்டைய நூல்கள் தரும் கணக்கு. நடுநிலை வகித்த ரோட்ஸ் தீவுக்குத் தண்டனை வேறு விதம். டெலோஸ் தீவு வரியில்லாத் துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ரோட்ஸின் துறைமுக வருமானம் 10 லட்சம் டிராக்மாவிலிருந்து 1,50,000-ஆகச் சரிந்தது. டெலோஸோ ஒரு நாளில் 10,000 அடிமைகளைக் கைமாற்றக்கூடிய சந்தை என்று ஸ்ட்ராபோ எழுதும் அளவுக்கு வளர்ந்தது.

பிணைக்கைதியின் பேனா

அந்த வருடம் அகேயக் கூட்டமைப்பிலிருந்து 1,000 முக்கியஸ்தர்கள் விசாரணை என்ற பெயரில் இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். விசாரணை நடக்கவே இல்லை. 17 வருடம் கழித்து, உயிரோடு மிஞ்சிய சுமார் 300 பேரை அனுப்பலாமா என்று செனட் விவாதித்தது. சில கிழட்டுக் கிரேக்கர்களை எந்த ஊர் வெட்டியான் புதைப்பது என்று பேசத்தான் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறோமா என்று கேட்டார் மூத்த செனட்டர் கேட்டோ. அனுப்பிவிடலாம் என்று முடிவானது.

அந்த ஆயிரம் பேரில் ஒருவர் போலிபியஸ். மெகாலோபோலிஸைச் சேர்ந்த அரசியல் குடும்பம். ரோமில் அவருக்குத் தளபதி எமிலியஸ் பவுலஸின் வீட்டில் இடம் கிடைத்தது. பெர்சியஸின் அரண்மனை நூலகத்தைத் தன் மகன்களுக்காக எடுத்து வந்தவர் பவுலஸ். அந்த மகன்களில் ஒருவரான சிபியோவுக்கு ஆசானும் நண்பருமானார் கைதி. கி.மு. 146-ல் அந்த சிபியோ கார்த்தேஜ் நகரை எரித்தபோது போலிபியஸ் பக்கத்தில் நின்று பார்த்தார். அதே வருடம் தன் சொந்த நாட்டில் கொரிந்து எரிந்ததன் பின்விளைவையும் பார்த்தார். விலைமதிப்பற்ற ஓவியங்களைத் தரையில் போட்டு, அவற்றின்மேல் சிப்பாய்கள் தாயம் உருட்டிக்கொண்டிருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார்.

கலையின் அருமை தெரியாதவர் என்று மம்மியஸைப் பற்றி ரோமானியர்களே கிண்டலாகச் சொன்ன கதை ஒன்று உண்டு. கொரிந்துவின் சிலைகளையும் ஓவியங்களையும் கப்பலில் ஏற்றியபோது, வழியில் தொலைத்தால் அதேபோல் புதிதாகச் செய்து தர வேண்டும் என்று ஒப்பந்தக்காரர்களை எச்சரித்தாராம்.

போலிபியஸுக்கு அடுத்து வந்தது தர்மசங்கடமான வேலை. ரோமானிய ஆணையர்கள் ஏற்படுத்திய புதிய ஏற்பாட்டை ஊர் ஊராகப் போய் விளக்குவது. அகேயக் கூட்டமைப்பு கலைக்கப்பட்டு, மக்கள் சபைகளின் இடத்தில் சொத்துள்ளவர்களின் ஆட்சி வந்திருந்தது. இதைத் தன் மக்களிடம் அவர் எடுத்துச் சொன்னார். தண்டனைகளைக் குறைக்க வாதாடினார். துரோகி என்று தூற்றவில்லை, சிலை வைத்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் கிரேக்கம் வீழ்ந்திருக்காது, வீழ்ந்தபின் உதவியவரும் அவர் ஒருவரே என்ற பொருளில் ஒரு கோயிலில் பொறித்தும் வைத்தார்கள். அவர் எழுதிய 40 பாக வரலாற்றில் முழுதாக மிஞ்சியவை முதல் ஐந்துதான். 53 ஆண்டுகளுக்குள் உலகம் எப்படி ஒரே நகரத்தின் கைக்குள் போனது என்ற அவர் கேள்விக்கு இன்றும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள்.

கடனும் வட்டியும்

வாளைவிட ஆழமாகக் காயப்படுத்தியது கணக்குப் புத்தகம். கி.மு. 133-ல் பெர்கமத்தின் கடைசி மன்னர் மூன்றாம் அட்டாலஸ் தன் நாட்டையே ரோமுக்கு உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தார். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த செல்வம் கொழித்த கிரேக்க நகரங்கள் ரோமின் 'ஆசியா' மாகாணமாயின. அங்கே வரி வசூலிக்கும் உரிமை ரோமில் ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்த கம்பெனிகள் அரசுக்கு முன்கூட்டியே ஒரு தொகையை ஒப்புக்கொண்டு, பிறகு போட்ட முதலையும் லாபத்தையும் மக்களிடமிருந்து கறந்தன. கட்ட முடியாத ஊர்களுக்கு ரோமானியர்களே கடனும் கொடுத்தார்கள்.

வெறுப்பு கி.மு. 88-ல் வெடித்தது. கருங்கடல் கரை மன்னர் மித்ரடேட்டஸின் ரகசிய உத்தரவின்படி, ஆசிய மாகாண நகரங்களில் இருந்த ரோமானியர்களும் இத்தாலியர்களும் குறித்த ஒரு நாளில் கொல்லப்பட்டார்கள். 80,000 பேர் என்கின்றன பண்டைய நூல்கள். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் சாதாரண நகரவாசிகள் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்தவர்களையும் விடாமல் கொன்றார்கள் என்பது வசூல்காரர்கள் சம்பாதித்திருந்த கோபத்தின் அளவைக் காட்டுகிறது.

மித்ரடேட்டஸை ஆதரித்த ஏதென்ஸுக்கும் விலை காத்திருந்தது. தளபதி சுல்லா நகரை முற்றுகையிட்டார். முற்றுகைப் பொறிகளுக்கு மரம் வேண்டுமென்று பிளேட்டோ பாடம் நடத்திய அகாடமியின் மரங்களும், அரிஸ்டாட்டிலின் லைசியத்தின் மரங்களும் வெட்டப்பட்டன. டெல்ஃபி, ஒலிம்பியா, எபிடாரஸ் கோயில்களின் பொக்கிஷங்கள் படைச் செலவுக்கு எடுக்கப்பட்டன. நகருக்குள் தோல் செருப்புகளை வேகவைத்துத் தின்றார்கள். கி.மு. 86 மார்ச் 1 அன்று மதில் உடைந்தது. படுகொலையை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியபோது, செத்துப்போன ஏதென்ஸ்காரர்களுக்காக உயிரோடிருப்பவர்களை மன்னிப்பதாகச் சொன்னாராம் சுல்லா. ரோம் மதித்தது பழைய கிரேக்கத்தை. எதிரே நின்ற கிரேக்கன் வேறு கணக்கு.

ஆசிய மாகாணத்துக்கு சுல்லா விதித்த அபராதம் 20,000 டாலண்ட். கட்டுவதற்காக வாங்கிய கடன் பதினைந்து வருடங்களுக்குள் வட்டிக்கு வட்டி சேர்ந்து 1,20,000 டாலண்ட் ஆகியிருந்தது. பிள்ளைகளை விற்றார்கள். கோயில் சிலைகளை விற்றார்கள். வட்டியை மாதத்துக்கு ஒரு சதவீதமாகக் குறைத்து மக்களைக் காப்பாற்றிய ஆளுநர் லுகுல்லஸுக்கு, ரோமில் பணமுதலைகளின் பகைதான் பரிசு.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தால் உலகமே உத்தமர் என்று அறிந்த ப்ரூட்டஸ் இந்தக் கடன் வியாபாரத்தில் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. சைப்ரஸின் சலாமிஸ் நகருக்கு அவர் பினாமிகள் மூலம் கொடுத்த கடனுக்கு வட்டி 48 சதவீதம். வசூலுக்குப் போன ஆள், குதிரைப்படையைக் கொண்டு நகரசபையை அதன் மண்டபத்துக்குள்ளேயே அடைத்து வைத்தார். ஐந்து உறுப்பினர்கள் பட்டினியால் இறந்தார்கள். அடுத்து ஆளுநராக வந்த சிசரோ குதிரைப்படையை விலக்கினார். வட்டிக்கு 12 சதவீதம்தான் உச்சவரம்பு என்றார். ஆனால் ப்ரூட்டஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லாமல் வழக்கைத் தனக்கு அடுத்து வருபவருக்குத் தள்ளிவிட்டார். இவ்வளவும் தெரிவது சிசரோவே நண்பருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து.

பிறகு ரோமானியர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். கி.மு. 48-ல் ஃபார்சாலஸ், 42-ல் பிலிப்பி, 31-ல் ஆக்டியம். மூன்றுக்கும் களம் கிரேக்கப் பகுதி. சாப்பாடு போட்டவர்கள் கிரேக்கர்கள். ஆக்டியம் போரின்போது கைரோனியா ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு மூட்டை கோதுமையைத் தோளில் சுமந்து கடற்கரைக்கு நடக்க வைக்கப்பட்டார்கள். மெதுவாக நடந்தவர்களுக்குச் சவுக்கடி. இரண்டாம் நடைக்கு மூட்டை கட்டியபோது ஆண்டனி தோற்ற செய்தி வந்தது. அதிகாரிகள் ஓடிவிட, ஊரார் கோதுமையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். சுமந்தவர்களில் ஒருவர் புளூடார்க்கின் கொள்ளுத் தாத்தா. குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வந்த கதையைக் கொள்ளுப் பேரன் எழுதி வைத்தார்.

வென்றவன் வீட்டு வாத்தியார்

கப்பல்கள் மேற்கே போய்க்கொண்டே இருந்தன. 1900-ல் ஆன்டிகிதேரா தீவருகே கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் கண்டுபிடித்தது அப்படி ஒரு கப்பலைத்தான். கி.மு. முதல் நூற்றாண்டில், கிரேக்கச் சிலைகளோடு மூழ்கிய சரக்குக் கப்பல் அது. அதில் கிடைத்த துருப்பிடித்த வெண்கலக் கட்டி ஒன்று, கோள்களின் நகர்வையும் கிரகணங்களையும் கணக்கிடும் பல்சக்கர இயந்திரம் என்று பின்னர் தெரிந்தது. மிஞ்சியிருக்கும் பல்சக்கரங்கள் மட்டுமே 30.

சரக்கோடு மனிதர்களும் போனார்கள். டாரன்டம் நகரக் கிரேக்கரான லிவியஸ் ஆன்ட்ரோனிகஸ் ரோமுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர் என்பது மரபு. கி.மு. 240-ல் லத்தீன் மொழியில் முதல் நாடகத்தை மேடையேற்றியவர் அவர். ஹோமரின் காவியத்தை லத்தீனாக்கியவரும் அவரே. ரோமானியச் சிறுவர்களுக்கு எழுத்தும் பேச்சும் கற்றுக்கொடுத்தவர்கள், நோய்க்கு மருந்து கொடுத்தவர்கள், வீட்டில் வாதம் செய்யக் கற்றுத் தந்தவர்கள் பலரும் கிரேக்க அடிமைகளே. கிரேக்கத் தத்துவம் இளைஞர்களைக் கெடுக்கும் என்று கேட்டோ எச்சரித்தார். கி.மு. 161-ல் தத்துவவாதிகளை ரோமிலிருந்து வெளியேற்றத் தீர்மானம்கூடப் போட்டார்கள். பலிக்கவில்லை. சிசரோ படிக்கப் போனது ஏதென்ஸுக்கும் ரோட்ஸுக்கும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தன் அந்தரங்கச் சிந்தனைகளை எழுதியது கிரேக்க மொழியில். அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்த ஆசான் எபிக்டெடஸ், ஒரு காலத்தில் அடிமை.

ரோம் கிழக்கே லத்தீனைத் திணிக்கவில்லை. சட்டமும் ராணுவமும் லத்தீனில். ஆளுநரின் ஆணையும் வரி ரசீதும் கிரேக்கத்தில். தமிழர்கள் 'யவனர்' என்று அறிந்த ரோமானியப் பேரரசு வணிகர்களில் பெரும்பாலோர் எகிப்திலிருந்து வந்த கிரேக்க மொழிக்காரர்கள் என்பது இதனால்தான். முசிறியிலிருந்து யானைத் தந்தமும் கங்கைக் கரை நறுமணப் பொருளும் ஏற்றிவந்த 'ஹெர்மாபோலன்' கப்பல் பற்றிய இரண்டாம் நூற்றாண்டு பாப்பிரஸ், வியன்னாவில் இருக்கிறது. சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். அந்த நாணயம் ரோமுடையது. கால் பங்கு சுங்கமும் ரோமுக்கு. ஆவணத்தின் மொழி கிரேக்கம்.

தலைக்கு மேல் பூட்ஸ்

பேரரசின் அமைதியில் கிரேக்க மேல்தட்டு செழித்தது. ஹெரோடஸ் அட்டிகஸ் போன்ற செல்வந்தர்கள் கி.பி. 143-ல் ரோமின் கான்சலாகவே ஆனார்கள். பேரரசர் ஹேட்ரியன், ஏதென்ஸில் பல நூற்றாண்டுகளாகப் பாதியில் நின்ற ஜீயஸ் கோயிலைக் கட்டி முடித்தார். புளூடார்க் ரோமானியக் குடிமகன், அதே நேரத்தில் டெல்ஃபி கோயில் பூசாரி. உள்ளூர் அரசியலுக்கு வர விரும்பிய இளைஞன் ஒருவனுக்கு அவர் எழுதிய ஆலோசனையில் அந்தக் காலத்தின் உண்மை தெரிகிறது. நீ ஆள்கிறாய், ஆனால் நீயும் ஆளப்படுகிறாய். உன் தலைக்கு மேலே ரோமானிய பூட்ஸ் இருப்பதை மறக்காதே. மாரத்தான் வெற்றியைப் பற்றி மேடையில் பேசி ஜனங்களை உசுப்பிவிடாதே என்பது அதன் சாரம். ஊர்ச் சண்டையை ஊருக்குள் தீர்த்துக்கொண்டால் ஆளுநர் வரமாட்டார். மிச்சமிருக்கும் சுதந்திரம் அதுதான்.

புளூடார்க்கின் இளமையில் இன்னொரு 'விடுதலை'யும் வந்தது. பேரரசர் நீரோ கி.பி. 66-67-ல் கிரேக்கத்துக்கு வந்திருந்தார், ஆள அல்ல, பாட. அவர் வசதிக்காக ஒலிம்பிக் போட்டியே தள்ளிப்போடப்பட்டது. ரதப் போட்டியில் கீழே விழுந்தும் வெற்றிக் கிரீடம் அவருக்கே. இந்தக் கைதட்டலில் நெகிழ்ந்து, நவம்பர் 28 அன்று அதே இஸ்த்மியாவில், ஃபிளாமினினஸ் அறிவித்த அதே இடத்தில், கிரேக்கத்துக்குச் சுதந்திரமும் வரிவிலக்கும் அறிவித்தார். அந்த உரையைப் பொறித்த கல்வெட்டு போயோடியாவில் கிடைத்திருக்கிறது. அடுத்த வருடம் நீரோ தற்கொலை செய்துகொண்டார். சில ஆண்டுகளில் புதிய பேரரசர் வெஸ்பேசியன் உத்தரவை ரத்து செய்தார். கிரேக்கர்கள் சுதந்திரமாக இருப்பது எப்படி என்பதையே மறந்துவிட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

பெயர் மட்டும் மிஞ்சியது

கி.பி. 212-ல் பேரரசர் கரகல்லா, பேரரசின் சுதந்திர மனிதர்கள் அனைவருக்கும் ரோமானியக் குடியுரிமை வழங்கினார். வென்றவன், தோற்றவன் என்ற சட்ட வேறுபாடு அழிந்தது. 330-ல் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்கு, கிரேக்க மொழி பேசும் கரைக்கு வந்தது. மேற்கில் ரோம் ஐந்தாம் நூற்றாண்டில் வீழ்ந்தது. கிழக்கில் கிரேக்கம் பேசிய 'ரோமானியப்' பேரரசு 1453 வரை, இன்னும் ஆயிரம் வருடம், தாக்குப்பிடித்தது. அந்த மக்கள் தங்களை 'ரோமயோய்', அதாவது ரோமானியர் என்றே அழைத்துக்கொண்டார்கள். 'ஹெலனியர்' என்ற பழைய பெயர் நெடுங்காலம் சிலை வணங்கிகளைக் குறித்தது.

1821-ல் துருக்கிக்கு எதிராக எழுந்த விடுதலைப் போர் 'ஹெலனியர்' என்ற பெயருக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. ஆனால் மனங்கள் மாற நாளானது. வரலாற்றாசிரியர் பீட்டர் கரானிஸ், லெம்னோஸ் தீவில் கழிந்த தன் சிறுவயதிலிருந்து ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். 1912-ல் கிரேக்கப் படை துருக்கியரிடமிருந்து தீவை மீட்டது. தீவின் கிரேக்கக் குழந்தைகள் ஓடிப்போய்ச் சிப்பாய்களை வேடிக்கை பார்த்தார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார் ஒரு சிப்பாய். ஹெலனியரைப் பார்க்கிறோம் என்றார்கள். நீங்கள் ஹெலனியர் இல்லையா என்றார் அவர்.

இல்லை, நாங்கள் ரோமானியர் என்றன குழந்தைகள், கிரேக்க மொழியில்.